கை வைக்கும் முன்னால்...

பிளஸ் டூ முடிவு வந்ததும் வராததுமாகத் தபால் குவிந்துவிட்டது. பாதிக் கடிதங்களில் ஒரே சங்கதி: சருமப் பராமரிப்புத் தொழில் படிக்கலாமா, எங்கே படிப்பது, யார் லைசென்ஸ் தருவார்கள்? ஆகவே இந்த வாரம் அரசியல், கிரிக்கெட், ஜாதகம் எல்லாம் ஓரமாக உட்காரட்டும். முகத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பிளஸ் டூ முடித்த பெண், அசோக் நகர்
ஸ்கின் கேர் நிபுணராக லைசென்ஸ் வாங்க எந்த ஆபீஸுக்குப் போகணும் மாமா?

எந்த ஆபீஸுக்கும் போக முடியாது கண்ணு. ஸ்கூட்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் வேண்டும். இன்னொருத்தர் முகத்தில் அமிலம் தடவ? நம் நாட்டில் ஆளுக்கென்று ஒரு உரிமமும் கிடையாது.

கடைக்கு லைசென்ஸ் உண்டு. கைக்கு இல்லை. கையைத் தேற்றுவது உன் பொறுப்பு.

அதே பெண்ணின் அப்பா, அசோக் நகர்
லைசென்ஸே தேவையில்லை என்றால் படிப்பு எதற்கு? நேராகக் கடை போட்டுவிடலாமே?

போடலாம். முதல் வாடிக்கையாளராக உங்கள் மனைவியை உட்கார வைக்கச் சம்மதமா?

பத்தாம் வகுப்போடு நின்றவர், ஜாபர்கான்பேட்டை
எனக்கு எந்தப் படிப்பு கிடைக்கும்? அதிகம் செலவழிக்க முடியாது.

உங்களுக்காகவே ஒன்று இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி என்று ஒரு தொழிற்பிரிவு. ஒரு வருடம். பத்தாம் வகுப்பு போதும். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ். நாடு முழுக்கச் செல்லும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. தமிழக அரசு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் இன்னொரு ஆயிரம். அந்தத் திட்டம் கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. கிண்டியில் மகளிருக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சேர்க்கை நேரத்தில் நேரில் போய், காஸ்மெட்டாலஜி எங்கெங்கே என்று கேளுங்கள். பணம் கட்டிப் படிக்கும் இடத்தைப் பற்றி விளம்பரம் சொல்லும். பணம் வாங்கிக்கொண்டே படிக்கும் இடத்தைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

45 வயது இல்லத்தரசி, கே.கே. நகர்
என் வயதில் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் சிரிக்க மாட்டார்களா?

தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.க்களில் ஆண்களுக்குத்தான் 40 வயது வரம்பு. பெண்களுக்கு உச்சவரம்பே இல்லை. அரசாங்கமே சிரிக்கவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வாடிக்கையாளர் முகத்தில் எந்த வயதில் என்ன சுருக்கம் விழும் என்று அவளுக்குப் பாடப் புத்தகம் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேண்டாம்.

சேர்க்கைக்கு அலையும் அம்மா, மேற்கு மாம்பலம்
தி. நகரில் ஒரு பயிற்சி மையத்தில் ‘சர்வதேசச் சான்றிதழ்’ என்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நம்பலாமா?

எந்தச் சர்வதேசம் என்று கேளுங்கள். உலகம் மதிக்கும் பெயர்களில் பழையது சிடெஸ்கோ. 1946-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கியது, இப்போது தலைமையகம் சூரிச்சில். பிரிட்டனில் ஐடெக், சிப்டாக் என்று இன்னும் சில. சிடெஸ்கோவின் பியூட்டி தெரபி டிப்ளமோவுக்கு 1,200 மணி நேரப் படிப்பு வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பள்ளி வேண்டும், வெளியிலிருந்து தேர்வாளர் வர வேண்டும்.

மையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள் அம்மா. சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? அந்த அமைப்பின் பட்டியலில் உங்கள் மையம் இருக்கிறதா? என் பெண் எத்தனை நிஜ முகங்களில் கை வைத்துப் பழகுவாள்?

தேர்வாளர் சூரிச்சிலிருந்து வந்தால் அது சர்வதேசம். சான்றிதழ் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்தால் டுபாக்கூர்.

அவசரக்காரர், வடபழனி
15 நாளில் முழு ஸ்கின் கோர்ஸ் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே?

இளம் வயதில் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய 28 நாள் ஆகும். தோலுக்கே ஒரு மாதம் வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி முழுதாகச் சொல்லித்தர இவர்களுக்கு 15 நாளா?

பார்லர் அக்கா, சைதாப்பேட்டை
பல வருஷமாக பார்லர் நடத்துகிறேன். சான்றிதழ் ஒன்றும் இல்லை. இனிமேல் வகுப்பில் போய் உட்கார முடியாது.

உட்கார வேண்டாம். செய்து பழகியதையே சோதித்துச் சான்று தரும் வழி இருக்கிறது. முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில் வருகிறது. அழகு, நலவாழ்வுத் துறைக்கென்று தனித் திறன் கவுன்சில் உண்டு. உதவி பியூட்டி தெரபிஸ்ட் ஒரு படி, பியூட்டி தெரபிஸ்ட் அடுத்த படி.

ஒன்று மட்டும் கவனம். பழகிய தவறும் பழக்கம்தான். தேர்வாளர் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினால், ‘இத்தனை வருஷமா இப்படித்தான்’ என்று மல்லுக்கு நிற்காதீர்கள்.

யூடியூப் மாணவன், ஈக்காட்டுத்தாங்கல்
வீடியோ பார்த்தே கெமிக்கல் பீல் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கலாமா?

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு அறிவுறுத்தல் வெளியிட்டது. முடி நடுதல் போன்ற அழகியல் சிகிச்சைகளைத் தொடங்க, பட்டறையில் உட்கார்ந்து பார்ப்பதோ யூடியூப் பார்ப்பதோ போதிய பயிற்சி ஆகாது என்றது. அது யாருக்குச் சொன்னது தெரியுமா? டாக்டர்களுக்கு!

எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கே வீடியோ போதாது. தம்பி, ஆஃப் செய்.

மருத்துவம் கிடைக்காத மாணவி, கோடம்பாக்கம்
காஸ்மெட்டாலஜி டிப்ளமோ முடித்தால் ‘டாக்டர்’ என்று போர்டு வைக்கலாமா?

வைக்கலாம், போலீஸ் வரும் வரை. தோல் மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதன் மேல் தோல்நோய்ப் பிரிவில் எம்.டி. மூன்று வருடம். தோல், பால்வினை, தொழுநோய் மூன்றும் சேர்ந்த படிப்பு அது. உன் டிப்ளமோ வேறு தொழில். தாழ்ந்த தொழில் இல்லை, வேறு தொழில்.

நோய் இருந்தால் அவர். நோய் இல்லாத தோலைப் பேணுவது நீ. இந்தக் கோட்டைத் தெரிந்தவளுக்கு இரண்டு பக்கமும் மரியாதை உண்டு.

சந்தேகப் பேர்வழி, அடையாறு
கோட்டைத் தாண்டினால் அப்படி என்ன ஆகிவிடும்?

2016-இல் நுங்கம்பாக்கத்தில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் பிணமானார். 22 வயது. விசாரித்தால், அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம். மயக்க மருந்து, ஊசி, அறுவை எல்லாம் சலூன் போர்டுக்குப் பின்னால் நடந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் சிகிச்சை தரும் எந்த இடமும் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி பதிவாக வேண்டும். சட்டம் 1997-இல் வந்தது. அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. இடையில் 21 வருடம். இதற்கு என்னிடம் பஞ்ச் டயலாக் இல்லை. கோபம்தான் இருக்கிறது.

கல்யாணப் பெண், மயிலாப்பூர்
என் பார்லரில் குளுட்டாதயோன் டிரிப் ஏற்றுகிறார்கள். வெளுப்பு நிச்சயமாம்.

தோலை வெளுப்பாக்க அந்த ஊசிக்கு இந்தியாவில் அனுமதியே இல்லை. நரம்பில் ஊசி ஏறினால் அது பார்லர் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பு. செருப்பை வெளியே போய் மாட்டிக்கொள்ளலாம்.

மருமகளைப் பெற்ற மாமியார், தி. நகர்
ஃபேர்னஸ் ஃபேஷியல் எத்தனை முறை செய்தால் சிவப்பாக ஆகலாம்?

எத்தனை முறை செய்தாலும் பணப்பைதான் வெளுக்கும். நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின். அது உங்கள் மருமகளுக்கு வெயிலிலிருந்து கிடைத்த குடை.

1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ வந்தது. 2020-இல் அந்த நிறுவனமே ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. விற்றவர்களே விட்டுவிட்டார்கள் மாமி, நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கல்லூரி மாணவி, வெஸ்ட் சைதை
மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கித் தடவுகிறேன். ஒரே வாரத்தில் பளபளப்பு. நிறுத்தினால் எரிகிறது. ஏன்?

ட்யூபைத் திருப்பிப் பார் கண்ணு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் பளபளப்பு. பிறகு தோல் மெலியும், சிவக்கும், ரத்தக்குழாய் நூல் நூலாகத் தெரியும், பரு வெடிக்கும், முகத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி தடவுவாய். கடைக்காரருக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

2018 மார்ச்சில் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் ஏற்றியது. ஆனாலும் தெருமுனைக் கடையில் பெயர் சொன்னால் கிடைக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்கள் எல்லோரும் இதை நெட்டுரு போடுங்கள். இந்த வகை க்ரீமை ஃபேஷியலில் கலக்கும் முதலாளியிடம் வேலை செய்யாதீர்கள். இப்படிப்பட்ட முகம் உங்கள் நாற்காலிக்கு வந்தால் ப்ளீச், ஸ்க்ரப், பீல் எதையும் தொடாதீர்கள். தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். ட்யூப் தடவும் கண்ணு, நீயும் இன்றைக்கே தோல் டாக்டரிடம் போ. நீயாக நிறுத்தவும் வேண்டாம், நீயாகத் தொடரவும் வேண்டாம். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே பெரியாஸ்பத்திரி, எங்கே போனாலும் தோல் பிரிவு இருக்கிறது. சீட்டுக்குப் பணம் கிடையாது.

ஆன்லைன் ஷாப்பிங் பிரியை, அண்ணா நகர்
வெளிநாட்டு க்ரீம். லேபிளில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் செம ரிசல்ட்.

2023-இல் கேரளாவின் மலப்புரம் பக்கம் சிலருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகியது. கோட்டக்கல் மருத்துவர்கள் துருவிப் பார்த்தபோது, பொதுவான சங்கதி முகத்துக்குப் பூசிய வெளுப்பு க்ரீம். உள்ளே பாதரசம்.

பூசியது முகத்தில். போனது சிறுநீரகம். லேபிள் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

தங்க ரசிகை, பாண்டி பஜார்
கோல்டு ஃபேஷியலில் தங்கம் உள்ளே போகுமா?

தோல் ஒரு கெடுபிடியான வாட்ச்மேன். 500 டால்டனுக்கு மேல் பருத்த மூலக்கூறை எளிதில் உள்ளே விடாது. க்ரீமில் இருக்கும் கொலாஜன் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது, வாசலிலேயே நின்றுவிடும். தங்கத் தகடும் அப்படியே. தங்கம்தான் வேண்டும் என்றால் நடந்து போகிற தூரத்தில் உஸ்மான் ரோடு.

லேசர் வாங்கப் போகிறவர், வளசரவாக்கம்
வெளிநாட்டு மெஷின், வெளிநாட்டு செட்டிங். பட்டனை அமுக்கினால் போதுமாம்.

1975-இல் ஹார்வர்டின் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று வகை பிரித்தார். இன்றைக்கு ஆறு வகை. நம்மவர் பெரும்பாலும் நான்கு, ஐந்து. முடியின் வேரைத் தேடிப் போகும் லேசர், நம் தோலில் முதலில் சந்திப்பது மேலே இருக்கும் மெலனினை. வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை அப்படியே அமுக்கினால் சுட்டுவிடும். சுட்ட இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும்.

மெஷின் வாங்கும் முன் ஒரு தோல் மருத்துவரைக் கூட்டாளியாக வாங்குங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த தாத்தா, மாம்பலம்
நம் குடும்பத்துப் பெண் இன்னொருத்தர் காலைத் தொட்டு பெடிக்யூர் செய்வதா? சாதி வழக்கம் என்று ஒன்று உண்டே?

உண்டு. அந்த வழக்கத்தின் வண்டவாளத்தையும் கேளுங்கள். நம் ஊர்களில் சவரம் செய்தவர்கள்தான் கட்டி கீறினார்கள், புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்தார்கள். பிறந்ததும் முதலில் நம்மை ஏந்திய கை அது. அந்தக் கையைத்தான் திண்ணையில் ஏறவிடாமல் நிறுத்தினோம்.

இன்றைக்கு அதே வேலைக்கு ஏ.சி. போட்டு, இங்கிலீஷ் பெயர் வைத்ததும் எல்லோரும் ஃபிரான்சைஸ் கேட்டு வரிசையில் நிற்கிறோம். பேத்தி யார் காலையும் தொடட்டும் பெரியவரே. முதலில் சோப்பு போட்டுக் கையைக் கழுவட்டும். தீட்டு அவ்வளவுதான்.

வெட்கப்படும் வாலிபர், எம்.ஜி.ஆர். நகர்
ஆண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா?

தாராளமாக. பருவும் கரும்புள்ளியும் ஆண், பெண் பார்த்தா வருகின்றன?

சினிமா கனவுக்காரி, சாலிக்கிராமம்
மேக்கப் கற்றுக்கொண்டு சினிமாவுக்குப் போகலாமா?

போகலாம். அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஒருத்தர் உண்டு. மும்பை சினிமாவில் ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஒரு சங்க விதி: பெண்கள் தலை அலங்காரம் செய்யலாம், மேக்கப் போடக்கூடாது. மேக்கப் ஆண்களுக்கு மட்டும். சாரு குரானா அமெரிக்காவில் ஒப்பனை படித்துவிட்டு வந்து உறுப்பினர் அட்டை கேட்டார். மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் அந்த விதியைத் தூக்கி எறிந்தார்கள்.

படிப்பு கையில் இருந்தது, திறமை இருந்தது. அட்டைக்கு மட்டும் சுப்ரீம் கோர்ட் தேவைப்பட்டது. நீ யூனியன் ஆபீஸுக்குப் போகும்போது நிமிர்ந்து போ.

வீட்டிலேயே தொடங்க நினைப்பவர், அசோக் நகர் புதூர்
ஒரு அறையை ஒதுக்கி பார்லர் வைக்கிறேன். என்னென்ன வேண்டும்?

மாநகராட்சித் தொழில் உரிமம் முதல் வேலை. நம் பேட்டை மண்டலம் 10, கோடம்பாக்கம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். வாயால் சொன்ன சம்மதம் காற்றில் போகும், எழுதி வாங்குங்கள்.

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. அழகு நிலையச் சேவைக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது. ஆனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. விலைப்பட்டியல் போடும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

முதலீடு தேடுபவர், நெசப்பாக்கம்
கடன் கிடைக்குமா? ஏஜென்ட் கமிஷன் கேட்கிறார்.

ஏஜென்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. நகரத்துப் பெண்களுக்கு 25 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம். 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும்.

திட்ட அறிக்கை எழுதத் தெரியவில்லை என்றால் ஈக்காட்டுத்தாங்கலில் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. அசோக் நகரிலிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன். குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் தாட்கோவின் அறிவிப்புகளையும் கவனியுங்கள். அழகுக்கலைப் பயிற்சியைக் கட்டணமில்லாமல் தந்திருக்கிறார்கள்.

பெயர் வேண்டாம், ஆலந்தூர்
பார்லருக்குள் சிசிடிவி கட்டாயமா?

2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஸ்பாக்களில் கேமரா வேண்டும் என்றார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல் மீதான உரிமையில் கை வைப்பது என்றார்.

நான் நீதிபதி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்: வரவேற்பறையில் வையுங்கள். துணி மாற்றும் இடத்துப் பக்கம் வைத்தவரை நான் சும்மா விடமாட்டேன்.

வாடிக்கையாளர், நங்கநல்லூர்
புருவம் திருத்தும் பெண் நூலைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். பரவாயில்லையா?

பரவும். அதனால்தான் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். த்ரெட்டிங்குக்குப் பிறகு புருவ ஓரத்தில் மரு முளைத்த கேஸ்களைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டும் இழுக்கலாம். நல்ல இடத்தில் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள்.

புது பார்லர் முதலாளி, விருகம்பாக்கம்
யூவி பெட்டி வாங்கியிருக்கிறேன். கருவிகள் சுத்தமாகிவிடும் அல்லவா?

அது சுத்தம் செய்யாது. சுத்தம் செய்ததைப் பத்திரமாக வைக்க ஒரு அலமாரி. கரும்புள்ளி எடுக்கும் கம்பி ரத்தம் பார்க்கிறது. அதை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். நீல விளக்கு எரிவதைப் பார்த்து வாடிக்கையாளர் மயங்கலாம். கிருமி மயங்காது.

கால் வலிக்காரி, ரங்கநாதன் தெரு
காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை. உட்கார்ந்தால் திட்டுகிறார்கள்.

2021-இல் தமிழக சட்டசபை கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. வேலையாட்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும். துணிக்கடைப் பெண்களின் கால் வலிதான் அந்தச் சட்டத்தை எழுத வைத்தது. பார்லருக்கும் அது பொருந்தும். முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடு அம்மா.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: முதலில் தேய்வது தோல் அல்ல, முழங்கால்.

பாட்டி வைத்தியப் பேத்தி, திருவல்லிக்கேணி
நலங்கு மாவும் சோப்பும் வீட்டில் தயாரித்து விற்கிறேன். எல்லாம் இயற்கை. லைசென்ஸ் எதற்கு?

எட்டிக்காயும் இயற்கைதான். விற்பனைக்கு அழகுப்பொருள் தயாரித்தால் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இருக்கிறது, விசாரியுங்கள். பாட்டி உங்களுக்குப் பூசும்போது உங்கள் உடம்பு பாட்டிக்குத் தெரியும். கூரியரில் வாங்குகிறவரின் உடம்பு உங்களுக்குத் தெரியாது.

மகளைத் தேடிப் போகும் அம்மா, சென்னை–கலிஃபோர்னியா
இங்கே படித்த சான்றிதழ் அமெரிக்காவில் செல்லுமா?

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம். உரிமம் இல்லாமல் ஃபேஷியல் செய்து காசு வாங்கினால் அபராதம். எஸ்தெடிஷியன் உரிமத்துக்கு கலிஃபோர்னியாவில் 600 மணி நேரப் பயிற்சி, டெக்சாஸில் 750. பிறகு தேர்வு. உங்கள் சான்றிதழில் தங்க முலாம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள், எத்தனை மணி நேரம் என்று பார்ப்பார்கள். இங்கே படிக்கும்போதே பாடவாரியாக மணிக்கணக்கை எழுதி, முத்திரையோடு வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அந்த மையம் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை இருக்கும்.

வம்பு வளர்ப்பவர், வேளச்சேரி
அப்படியானால் நம் ஊரிலும் லைசென்ஸ் வேண்டும் என்கிறீர்களா? ஏழைப் பெண்கள் பிழைப்பு என்னாவது?

வேண்டும் என்கிறேன். பயிற்சியை அரசு இலவசமாகத் தரட்டும், தேர்வைத் தமிழில் வைக்கட்டும், ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களைச் செய்முறைத் தேர்வில் மட்டும் சோதிக்கட்டும். ஏழைப் பெண்ணின் பிழைப்பைக் கெடுப்பது லைசென்ஸ் இல்லை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லித்தராமல் ஃப்ரேம் மாட்டி அனுப்பும் மையம். அவளிடம் இன்று உரிமம் இருந்திருந்தால் சம்பளம் பேசும்போது குரல் எழும்பியிருக்கும்.

வரலாற்று மாணவர், நந்தனம்
இந்தத் தொழிலில் சென்னைக்குப் பங்கு உண்டா?

இல்லாமல்? 2000-இல் நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் ரோட்டில் வீணா, குமரவேல் தம்பதி ஒரே ஒரு கடை போட்டார்கள். அதுதான் நேச்சுரல்ஸ். குமரவேலின் அண்ணன் சி.கே. ரங்கநாதன். கடலூரில் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்க ஆரம்பித்து கெவின்கேர் வரை வளர்ந்தவர். அவர் குழுமத்தின் சலூன் க்ரீன் ட்ரெண்ட்ஸ். ஊரெல்லாம் தலையை ஒரே குடும்பத்திடம் கொடுத்திருக்கிறது.

பயிற்சி மாணவி, கிண்டி
யாருக்கு எதைச் செய்யக்கூடாது என்று வகுப்பில் சொல்லவே இல்லை மாமா.

அப்படியென்றால் வகுப்பே நடக்கவில்லை. நான் சொல்கிறேன், எழுதிக்கொள். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாக்ஸ் போடாதே, தோலோடு வரும். சர்க்கரை நோயாளியின் காலில் ஆணியைச் செதுக்காதே. புண், கொப்புளம் இருக்கும் முகத்தில் மசாஜ் வேண்டாம். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் ஆரம்பிக்காதே.

இன்னொன்று. முதுகிலோ கையிலோ வெளிறிய தேமல் பார்ப்பாய். அங்கே தொட்டால் அவருக்கு உணர்ச்சி இல்லை என்றால், அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். பதறாதே, பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி சொல்லாதே. தனியாக அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல். மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும். நாள் கடந்தால் விரல் மடங்கும். தன் முதுகை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. வீட்டில் இருப்பவர்களும் உற்றுப் பார்ப்பதில்லை. நீ பார்க்கிறாய்.

உடம்பில் ஒரு மச்சம் பெரிதாகி, நிறம் மாறி, ரத்தம் கசிந்தாலும் இதே கதைதான். ஃபேஷியலை ரத்து செய், டாக்டரிடம் அனுப்பு. அன்றைய வரவில் ஒரு பில் குறையும். குறையட்டும்.

அதே பயிற்சி மாணவி, கிண்டி
கடைசியாக ஒன்று. செய்முறைத் தேர்வுக்கு ஒரு முகம் வேண்டும். உங்கள் முகத்தைத் தருவீர்களா?

வா கண்ணு. இரண்டு நாள் முன்னாலேயே வந்து காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட் போட்டுவிட்டுப் போ. போடாமல் கிண்ணத்தோடு வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவேன். தேர்வில் ஃபெயில் நீதான்.